ரிக்டர் எண்ணுக்குப் பின்னால் ஒளியலாமா?

நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலை மூடியது பீதிக்கு அடிபணிந்த செயல் என்று சென்ற இதழில் ஒரு பொறியாளர் எழுதியிருந்தார். அதிர்வு அளவீடும் கணிப்பும் பற்றிய கட்டுரை என்றது முன்குறிப்பு. படித்து முடித்தபோது, அதிர்வை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு பத்திகூட அதில் இல்லை என்பது தெரிந்தது. இருந்தது ஓர் எண்: 3.6. அதை வைத்துக்கொண்டே ஒரு மாகாணத்து மக்கள் முப்பது வருடமாகப் பட்ட பாட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

அவர் சொல்வது இவ்வளவுதான். அதிகபட்சமாக வந்தது ரிக்டர் 3.6, ஜப்பானில் அதற்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தரை 0.42 ஜி வரை (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) ஆடும் என்று பயமுறுத்தினார்கள், அதில் கால்வாசிதான் கடைசியில் பதிவானது. வீடுகள் பழசு, அதனால் சுவர் வெடித்தது. ஒருவரும் சாகவில்லை. நிலநடுக்கத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே கணிப்பெல்லாம் ஜோசியம். ஐந்தில் ஒன்று பாதி உண்மை. மற்ற நான்கும் பள்ளிக்கூட இயற்பியலுக்கே தாங்காதவை.

முதலில் அந்த 3.6. பூமிக்கடியில் பாறை நழுவிய இடத்தில் நடுக்கம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும் எண் அது. ஒரு வீட்டின் தரை எவ்வளவு ஆடியது என்பதை அது சொல்வதே இல்லை. அந்த ஆட்டம் தூரத்தைப் பொறுத்தது, நடுவில் உள்ள பாறையைப் பொறுத்தது, வீட்டுக்கு அடியில் உள்ள மண்ணைப் பொறுத்தது. குரோனிங்கனில் எரிவாயு இருப்பது சுமார் மூன்று கிலோமீட்டர் ஆழத்து மணற்பாறையில். 1959-இல் ஸ்லோக்டரன் அருகே கண்டுபிடித்தார்கள், 1963-இல் எடுக்கத் தொடங்கினார்கள். வாயு போகப் போகத் துளைகளில் அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள பாறையின் பாரம் மணற்பாறையை நசுக்குகிறது. வயலின் நடுப்பகுதியில் தரை முப்பது சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. நசுங்குவது எங்கும் ஒரே சீராக இல்லாததால், பாறையில் ஏற்கெனவே இருந்த பிளவுகள் திடீரென்று நழுவுகின்றன. அந்த நழுவல்தான் நடுக்கம்.

ஆக, நடுக்கம் பிறக்கும் இடமே மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. ஜப்பானில் இதே 3.6 பெரும்பாலும் பத்து, முப்பது, ஐம்பது கிலோமீட்டர் ஆழத்தில் பிறக்கும். அலையின் வீச்சு தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்ற எளிய கணக்கைப் போட்டாலே, முப்பது கிலோமீட்டரில் பிறந்ததைவிட மூன்று கிலோமீட்டரில் பிறந்தது நேர்மேலே உள்ள வீட்டை ஏறத்தாழப் பத்து மடங்கு அதிகமாக உலுக்கும். வழியில் பாறை விழுங்கும் அலையையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பொறியியல் படித்தவருக்கு இது தெரியாது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தே விட்டார் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. எப்படியும் ஜப்பானை இழுத்தது அவர்.

அடுத்தது மண். வட குரோனிங்கன் கடல் விட்டுப்போன நிலம். மேலே களிமண், பல இடங்களில் கரிமண். வெள்ளத்துக்குப் பயந்து பழங்காலத்தில் கையால் மேடு எழுப்பி அதன்மேல் உருவான ஊர்கள் பல. கெட்டிப் பாறையிலிருந்து இளகிய மண்ணுக்குள் நுழையும் அலை வேகம் குறைகிறது, வேகம் குறையும்போது வீச்சு பெரிதாகிறது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2014-க்குப் பிறகு அங்கே எழுபது வாக்கில் அளவீட்டு நிலையங்கள் அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் இருநூறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை. ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு மீட்டரில் ஒவ்வொரு அதிர்வுணரி (ஜியோஃபோன்), தரையில் ஒரு முடுக்கமானி. நடுக்கம் வந்ததும் ஐந்து கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவாகும். அடிக்கோட்டில் சின்னதாகத் துடிக்கும் அலை, படிப்படியாக மேலே வர வரத் தாமதித்து, பருத்து, தரைக்கோட்டில் முழு உருவம் எடுக்கும். ஒரே நடுக்கம், ஒரே இடம், நடுவில் இருநூறு மீட்டர் மண் மட்டுமே. இந்த ஒரு தாளைப் பார்த்தவர் எவரும் ரிக்டர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக மாட்டார்.

2012 ஆகஸ்ட் 16, இரவு பத்தரை மணி. ஹௌசிங்கே என்ற சிற்றூருக்கு அடியில் அந்த 3.6 வந்தது. சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி மிடல்ஸ்டமில் இருந்த முடுக்கமானி 0.085 ஜி பதிவு செய்தது. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதுவும் பக்கவாட்டில். காற்றையும் தன் எடையையும் தாங்குவதற்காக மட்டும் கட்டிய, கம்பி இல்லாத செங்கல் சுவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. 2018 ஜனவரி 8 அன்று சேரைப்பில் வந்த நடுக்கம் ரிக்டரில் அதைவிடச் சிறியது, 3.4. ஆனால் தரையில் பதிவான உச்ச முடுக்கம் அதைவிடப் பெரியது, ஏறத்தாழ 0.11 ஜி. சிறிய எண்ணுக்குப் பெரிய ஆட்டம்! ரிக்டரை மட்டும் வைத்து வாதாடுபவர் இதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

3.6 சின்னது என்ற அவருடைய வாதத்தில் உள்ள பாதி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நடுக்கங்களின் பலத்த ஆட்டம் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். உச்ச முடுக்கம் ஒரே அளவாக இருந்தாலும், பத்து இருபது நொடி உலுக்கும் பெரிய இயற்கை நடுக்கம் செய்யும் சேதத்தை இது செய்யாது. உண்மை. ஆனால் இதைக் கண்டுபிடித்தது அவர் அல்ல. அவர் ஜோசியர்கள் என்று ஏளனம் செய்யும் அதே ஆட்கள்தான், ஆட்டம் நீடிக்கும் நேரத்தையும் தங்கள் சமன்பாடுகளில் சேர்த்தார்கள்.

இனி 0.42 ஜி. கட்டுரையின் உச்சக்கட்டம் இதுதான். டச்சு வானிலை, நில அதிர்வு நிறுவனமான கே.என்.எம்.ஐ. 2013-இல் வெளியிட்ட வரைபடத்தில் உச்ச மதிப்பு 0.42 ஜி. பத்து வருடத்தில் 0.11-ஐத் தாண்டவில்லை, ஆகவே மாதிரி பொய் என்கிறார்.

அந்த 0.42 எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி படித்திருக்கலாம். அது 475 ஆண்டு மீள்காலத்துக்கான மதிப்பு. அதாவது, ஓர் இடத்தில் ஐம்பது ஆண்டுகளில் அந்த அளவைத் தாண்டுவதற்குப் பத்து சதவிகித வாய்ப்பு. கட்டட விதிகள் உலகெங்கும் பயன்படுத்தும் வழக்கமான அளவு. அடுத்த நடுக்கத்துக்கான முன்னறிவிப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாதிரி நூற்றுக்கு நூறு சரியாக இருந்திருந்தாலும், குறிப்பிட்ட ஓர் இடத்தில் பத்து ஆண்டுகளுக்குள் அந்த அளவைத் தாண்ட வாய்ப்பு சுமார் இரண்டு சதவிகிதம். தாண்டாமலிருக்க தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டு நடந்ததைக் காட்டி இரண்டு பொய் என்று நிரூபித்துவிட்டதாக ஒரு பொறியாளர் கொண்டாடுகிறார்.

இதைவிடப் பெரிய மோசடி அடுத்து வருகிறது. அந்தப் பத்து வருடமும் வயலிலிருந்து அதே அளவு வாயு எடுத்தார்களா? 2013-இல் ஏறத்தாழ 54 பில்லியன் கன மீட்டர் எடுத்தார்கள். சுரங்கங்களுக்கான அரசுக் கண்காணிப்பு அமைப்பு அந்த ஜனவரியிலேயே, முடிந்த அளவு சீக்கிரமாகக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தது. குறைக்கவில்லை, பல வருடங்களில் இல்லாத அளவுக்கு ஏற்றினார்கள். பிறகு மக்கள் தெருவில் இறங்கி, நீதிமன்றம் போய், நாடாளுமன்றத்தில் கேள்வி கிளப்பிய பின்தான் 2014-இல் 42, 2015-இல் 28, 2018-இல் ஏறத்தாழ 19 என்று இறங்கியது. 2023 அக்டோபர் 1 அன்று நின்றது, 2024 ஏப்ரலில் சட்டப்படி மூடினார்கள். அபாயக் கணக்கு ‘இவ்வளவு எடுத்தால் இவ்வளவு ஆடும்’ என்று சொல்கிறது. எடுப்பதைக் குறைத்தார்கள், ஆட்டம் குறைந்தது. மருந்து சாப்பிட்டுக் காய்ச்சல் தணிந்தவனைப் பார்த்து, உனக்குக் காய்ச்சலே வரவில்லை, மருந்துச் செலவு தண்டம் என்று சொல்வதுதான் இவருடைய வாதம்.

மாதிரியின் எண் தானாகவும் குறைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2015-இல் கே.என்.எம்.ஐ. 0.36 என்றது, பின்வந்த வரைபடங்கள் இன்னும் கீழே போயின. ஏன் என்பதுதான் இந்த விஷயத்திலேயே சுவையான பகுதி, கட்டுரையில் மருந்துக்கும் இல்லாத பகுதி. 2012-இல் ஹௌசிங்கே ஆடியபோது, சுமார் 900 சதுர கிலோமீட்டர் பரந்த வயலின் மேல் முடுக்கமானிகள் கையளவுதான் இருந்தன. தரை எவ்வளவு ஆடும் என்று கணக்கிட உள்ளூர்த் தரவு போதவில்லை. ஆகவே ஐரோப்பா, மத்தியதரைக்கடல், மேற்காசிய நாடுகளின் இயற்கை நடுக்கங்களிலிருந்து உருவான சமன்பாட்டைக் கடன் வாங்கி, கொஞ்சம் திருத்திப் பயன்படுத்தினார்கள். பெரிய, ஆழமான நடுக்கங்களுக்காகச் செய்தது அது. சின்ன, ஆழமில்லாத நடுக்கங்களுக்கு நீட்டினால் நிச்சயமின்மை ஊதிப் பெருகும், அபாய மதிப்பும் கூடவே ஏறும்.

நிலையங்கள் வந்த பிறகு படம் தெளிந்தது. மணற்பாறைக்கு மேலே தடித்த உப்புப் படலம் இருக்கிறது. அதில் அலையின் வேகம் அதிகம் என்பதால் அலைகள் வளைந்து திசைமாறுகின்றன, ஆட்டம் தூரத்தோடு ஒரே சீராகத் தேயவில்லை. ஏழு கிலோமீட்டர் வரை ஒரு விதம், பன்னிரண்டு வரை வேறு விதம், அதற்கப்பால் இன்னொரு விதம். நில அதிர்வு ஆய்வாளர் ஜூலியன் பாமரும் அவர் குழுவும் வரிசையாகத் திருத்தி வெளியிட்ட மாதிரிகளில் இந்த முறிவுகள் சமன்பாட்டுக்குள்ளேயே ஏறின. மேல்மண்ணை நூற்றறுபதுக்கு மேற்பட்ட மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண் எவ்வளவு பெருக்கும், பலமாக ஆடினால் மண்ணே இளகி எவ்வளவு விழுங்கும் என்று தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். அறியாமை சுருங்கியது, அதோடு எண்ணும் சுருங்கியது. அறிவியல் ஒழுங்காக நடந்தால் இப்படித்தான் நடக்கும். இதைத் தோல்வி என்று படிக்கத் தனித் திறமை வேண்டும்.

இந்த மாதிரிகளுக்குக் காசு கொடுத்தது யார்? போராட்டக்காரர்கள் அல்ல. பாமர் குழுவின் மாதிரிகளைச் செய்வித்தது ஷெல்லும் எக்ஸானும் சரிபாதி வைத்திருந்த என்.ஏ.எம். நிறுவனம், வாயுவை எடுத்த அதே நிறுவனம். அபாயக் கணக்கு டி.என்.ஓ. என்ற பொது ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது பிற்பாடுதான். பசுமைப் பீதியாளர்கள் கட்டிவிட்ட கதை என்று எழுதியவருக்கு இந்தச் சின்ன விவரம் சங்கடமாக இருந்திருக்கும்.

கணிப்பு தவறியதைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுபவர், அது எதிர்த்திசையில் தவறிய கதையை ஏன் தொடவே இல்லை? 1986-இல் அஸ்ஸன் நகரம் அதிர்ந்தபோது, இதற்குக் காரணம் எரிவாயு எடுப்புதான் என்று சொன்ன மேன்ட் வான் டெர் ஸ்லைஸ் என்ற புவியியலாளரைக் கேலி செய்தார்கள். தொடர்பு இருக்கலாம் என்று ஓர் ஆய்வுக்குழு ஒப்புக்கொள்ள 1993 ஆனது. ஒப்புக்கொண்ட பின் அடுத்த ஆறுதல் வந்தது: பெரிதாக வராது. உச்ச வரம்பு 3.3 என்று 1995-இல் சொன்னார்கள். 1998-இல் அது 3.8 ஆனது. அதன்பின் 3.9. தரவு சேரச் சேர வரம்பு மேலேதான் போனது, ஒரு முறையும் கீழே வரவில்லை. முதல் வரம்பான 3.3-ஐ ஹௌசிங்கே தாண்டிவிட்டது. தரவிலிருந்து உச்ச வரம்பு ஒன்றை வகுக்கவே முடியாது என்று கண்காணிப்பு அமைப்பு அறிவித்தது அதற்குப் பின்தான். 2016-இல் கூடிய நிபுணர் குழு ஒரே எண்ணைத் தராமல் ஒரு பரவலைத் தந்தது, அதன் சராசரி 5 வாக்கில் நின்றது. ரிக்டர் 5 என்றால் 3.6-ஐவிட நூறு மடங்குக்கு மேல் ஆற்றல். இருபது வருடம் குறைத்துச் சொன்னதற்கு ஒரு வரி கிடையாது, சில வருடம் கூட்டிச் சொன்னதற்கு ஒரு முழுக் கட்டுரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

வீடுகள் பழசு என்ற வாதத்துக்கு வருவோம். வயலுக்கு மேலே பழைய பண்ணை வீடுகள் உண்டு, கரிமண் காய்ந்து அடித்தளம் இறங்கிய வீடுகளும் உண்டு. ஆனால் 1960-க்குப் பின் வரிசையாகக் கட்டிய வீடுகளும் ஏராளம். உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், நடுவில் இடைவெளி, இரண்டையும் பிணைக்க மெல்லிய கம்பித் துண்டுகள். இத்தாலியின் பவியா நகர ஆய்வகத்தில் இப்படி ஒரு வீட்டை முழு அளவில், இரண்டு மாடியாக, ஆட்டுமேசை மேல் கட்டி, ஆட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சரியும் தறுவாய் வரை கொண்டுபோனார்கள். எந்த ஆட்டத்தில் எந்தச் சுவர் எப்படிப் போகும் என்பதற்கு இன்று பதிவு இருக்கிறது. இத்தனை அளவீடும் வருவதற்கு முன்பு, விரிசலோடு வந்த ஒவ்வொருவரிடமும் உன் வீடு பழசு என்றுதான் சொன்னார்கள். அந்தத் தெருவில் தரை எவ்வளவு ஆடியது என்று யாரும் அளக்கவில்லை, சுவரின் வயதை மட்டும் அளந்தார்கள். அதனால்தான் 2016 இறுதியில் டச்சுச் சட்டம் சுமையைத் திருப்பிப் போட்டது: வாயு எடுப்பால் வரக்கூடிய வகைச் சேதம் என்றால் அதனாலேயே வந்தது என்று கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது நிறுவனத்தின் பாடு. நம் பொறியாளர் எட்டு, ஒன்பது வருடம் கழித்து வந்து பழைய சுமையை மறுபடி வீட்டுக்காரர் தலையில் ஏற்றப் பார்க்கிறார்.

ஒருவரும் சாகவில்லை என்பதை வாதம் என்று எடுத்துக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. ஓர் இடத்தில் வசிப்பவர் நடுக்கத்தில் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று அரசின் ஆலோசனைக் குழுவான மைடாம் குழு 2015-இல் வரையறுத்தது. அந்த வரையறையே சாவு விழுவதற்கு முன் செயல்படுவதற்காக. அதே ஆண்டு டச்சுப் பாதுகாப்பு வாரியம், 2013 வரை குடிமக்களின் பாதுகாப்பு இந்த முடிவுகளில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை என்று எழுதியது. 2023-இல் நாடாளுமன்ற விசாரணை அறிக்கை, குரோனிங்கன் மக்களின் நலன் முறையாகவே புறக்கணிக்கப்பட்டது என்று முடித்தது. இந்த வாயுவிலிருந்து அரசுக் கருவூலத்துக்குப் போனது சுமார் 363 பில்லியன் யூரோ. மூடியதால் நாட்டுக்கு நட்டம் என்று கண்ணீர் விடுபவர் அந்தத் தொகையையும் எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஜோசியம். எந்த நாள், எந்த மணி, எந்த ஊர் என்று நிலநடுக்கத்தைச் சொல்ல முடியாது, சரி. குரோனிங்கனில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இத்தனை வாயு எடுத்தால் ஆண்டுக்கு எத்தனை நடுக்கம், அவற்றில் எவ்வளவு பெரியது வர எத்தனை வாய்ப்பு, வந்தால் இந்த மண்ணில் எத்தனை ஆட்டம் என்றுதான் கணக்கிடுகிறார்கள். இயற்கை நடுக்கத்தில் கண்டத்தட்டுகளை நிறுத்தச் சொல்லி யாரிடமும் மனு கொடுக்க முடியாது. இங்கே காரணம் மனிதன் கையில் இருக்கும் ஒரு வால்வு. 2014-இல் லோப்பர்சம் சுற்றுவட்டத்துக் கிணறுகளில் எடுப்பதை வெட்டியதும் அந்தப் பகுதியில் நடுக்கங்கள் குறைந்தன. திருகினால் குறைகிற ஒன்றுக்கு ஜோசியம் என்று பெயர் வைப்பவர், வால்வை யார் திருகுவது என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்.

இந்த மாதிரிகளை உண்மையிலேயே திட்டுவதென்றால் திட்ட இடம் இருக்கிறது, அதையும் அவர் தவறவிட்டார். பதிப்பு மாற மாற எந்த வீட்டைப் பலப்படுத்த வேண்டும் என்ற பட்டியலும் மாறியது. ஒரே தெருவில் ஒரு வீட்டைப் பழைய கணக்கின்படி இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள், அதே மாதிரியான பக்கத்து வீட்டுக்குப் புதிய கணக்கின்படி ஒன்றும் வேண்டாம் என்றார்கள். 27,000-க்கு மேற்பட்ட முகவரிகளை ஆராய வேண்டியிருந்த திட்டத்தில் இது ஒரு மூலையில் நடந்த விபத்து அல்ல. ஆய்வாளருக்குத் திருத்தம் என்றால் முன்னேற்றம். வருடக்கணக்கில் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பத்துக்கு அது இன்னொரு கடிதம். நிச்சயமின்மையை அறிவியல் குறைக்கும்வரை அதன் பாரத்தை யார் சுமப்பது என்று அரசு தீர்மானித்திருக்க வேண்டும், அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டியது. பொறியாளர் இங்கே கை வைத்திருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

அவரோ வயலைத் திரும்பத் திறக்கலாம் என்று முடித்திருக்கிறார். வயல் மூடியபின்னும் நடுக்கங்கள் ஓயவில்லை. வயலின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையே அழுத்தம் இன்னும் சமனாகிக்கொண்டிருக்கிறது, அந்த எழுபது நிலையங்களும் இன்னும் பதிவு செய்துகொண்டிருக்கின்றன. திறக்கலாம் என்றால் ஆண்டுக்கு எத்தனை பில்லியன் கன மீட்டர்? வயலின் எந்தப் பகுதியிலிருந்து? அந்த அளவுக்கு லோப்பர்சமில், சேரைப்பில், ஹௌசிங்கேயில் 475 ஆண்டு மீள்கால முடுக்கம் எவ்வளவு, எந்த மாதிரியின் எந்தப் பதிப்பில்? அடுத்த இதழில் இந்த எண்களோடு வரட்டும். 3.6-ஐ மட்டும் மறுபடி தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.